உயிர்ச்சேதம் இல்லை

செய்தித்தாளில் வந்தது மொத்தம் ஆறு வரி. கொள்ளிடத்தில் வாழைத்தார் ஏற்றி வந்த படகு கவிழ்ந்தது, ஒன்பது பேர் தண்ணீரில் விழுந்தார்கள், கரையில் இருந்தவர்கள் மீட்டார்கள், உயிர்ச்சேதம் ஏதும் இல்லை. அந்தத் துண்டைக் கத்தரித்து எங்கள் ஊர் டீக்கடைக் கண்ணாடியில் யாரோ ஒட்டிவைத்தார்கள். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கடை கைமாறிவிட்டது, கண்ணாடியும் மாறிவிட்டது. அந்தக் கடைசி வரியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். உயிர்ச்சேதம் இல்லையாம். எழுதிய புண்ணியவானை ஒரே ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்கு என் தம்பி வீட்டுக்கு வந்து அவன் குளிப்பதைப் பார்க்கச் சொல்லவேண்டும்.

குளிப்பது என்று பேச்சுக்குச் சொல்கிறேன். நானும் அவன் மனைவியும் சேர்ந்து குளிப்பாட்டுகிறோம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கொல்லைக் குழாயடிக்கு. அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள், நான் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவேன். கால் தரையில் பட்டதும் இரண்டு முழங்காலும் வெட்டி வெட்டி இழுக்கும். சும்மா படுத்திருக்கும்போது அவனைப் பார்த்தால் நோயாளி என்றே சொல்லமாட்டார்கள். நல்ல ஆகிருதி, நாற்பத்துநான்கு வயதுக்கு நரைகூட அதிகமில்லை. ஆனால் டம்ளரை எடுக்கவேண்டும் என்று அவன் நினைத்த மறுநொடி கை உதறிக்கொண்டு போகும், காபி சுவரில் இருக்கும். குக்கர் விசில் அடித்தால் உடம்பு மொத்தமும் ஒரு துள்ளுத் துள்ளும். பேச வாயெடுத்தால் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் தாடை இழுத்துக்கொள்ளும். சும்மா கிடந்தால் ஒன்றும் இல்லை, ஏதாவது செய்ய நினைத்தால்தான் வம்பு. டாக்டர்கள் இதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். மூளைக்குக் காற்றுப் போகாமல் இருந்த நேரத்தின் மிச்சம் என்பதுதான் அதற்கு எனக்குப் புரிந்த அர்த்தம்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. ஐப்பசி மழை பிடித்தால் நெஞ்சில் சளி கட்டிவிடும். ஆற்றுத் தண்ணீரும் வண்டலும் உள்ளே போய்ப் புண்ணாக்கிய நுரையீரல் அது. வருஷத்தில் ஒரு வாரமாவது தஞ்சாவூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பான். புதிதாக எதுவும் மனதில் தங்காது. காலையில் என்ன சாப்பிட்டான் என்பது மதியம் தெரியாது. பெண் பத்தாவது பாஸ் செய்ததை அவனிடம் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது, ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சந்தோஷப்படுவான். பழையது மட்டும் அழியாமல் இருக்கிறது. படகு கிளம்பியது வரைக்கும் அத்தனையும் ஞாபகம். அதனால் தினமும் குழாயடியில் உட்காரவைத்ததும் என்னிடம் கேட்பான்.

“தாரெல்லாம்... கரை சேந்துச்சாண்ணே?”

“சேந்துச்சுடா.”

இந்தப் பொய்யை ஒருநாள் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பக்கத்து வீடுகளில் தம்பி மனைவி மூத்தாருக்கு எதிரே வந்து நின்று பேசமாட்டாள். கல்யாணமான புதிதில் நான் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே இவள் அடுப்படிக்குள் போய்விடுவாள். எனக்குச் சோறு போடுவதென்றாலும் என் மனைவி கையில்தான் கொடுத்து அனுப்புவாள். அப்படி இருந்தவளும் நானும் இப்போது தினமும் காலையில் அம்மணமான ஒரு மனிதனை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். “கொஞ்சம் தூக்குங்க மாமா, கீழ சோப்பு போடணும்” என்கிறாள். நான் தூக்குகிறேன். எங்கள் இரண்டு பேரின் வெட்கமும் அந்தப் படகோடு போய்விட்டது.

அந்த வருஷம் மேட்டூர் நிரம்பி, உபரித் தண்ணீரைக் கொள்ளிடத்தில் திருப்பிவிட்டார்கள். ஆற்றுக்குள் யாரும் இறங்கக் கூடாது என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கென்ன, சொல்வது சுலபம். எங்கள் பூவன் வாழை ஆற்றுக்கு நடுவில் திட்டில் நின்றது. ஒரு வருஷப் பாடு, தார் முற்றி வெட்டுப் பக்குவத்தில் இருந்தது. பிள்ளையார் சதுர்த்திக்கு நான்கு நாள்தான் பாக்கி. விடிந்ததும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஓடினோம். மதியத்துக்குள் படகு மூன்று நடை வந்துபோனது. மூன்றாம் நடையில் நான் கரைக்கு வந்து, லாரியில் தார் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசி நடைக்குத் தம்பியைத் திட்டில் விட்டிருந்தேன்.

தார் ஏற்றுவதில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. தார்மேல் யாரும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் காய் கன்றிப்போகும், பழுக்கும்போது கறுத்துவிடும், மண்டியில் ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். அதனால் படகின் நடுவில் சருகு பரப்பித் தாரை அடுக்கிக் கயிறு போட்டுவிட்டு, ஆட்கள் இரண்டு பக்க விளிம்பிலும் நின்றுகொண்டு வருவார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் அப்படி வருவதில் ஒன்றுமில்லை. வெள்ளத்தில் அப்படி வரலாமா என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மற்றவர்களை ஏன் இழுக்கவேண்டும். திட்டிலிருந்து கிளம்பும்போது தம்பியிடம் நான் சொன்ன கடைசிப் பேச்சு இதுதான்: “தாரு மேல ஒருத்தரையும் உக்கார விடாத.” அவன் விடவில்லை. என் பேச்சை அவன் தட்டியதே கிடையாது.

கரைக்கு ஒரு கூப்பிடு தூரம் இருக்கும்போது படகு சுழிப்பில் மாட்டி ஆடியது. ஒரு பக்கம் நின்றவர்கள் பயந்துபோய் மறுபக்கம் பாய்ந்தார்கள். அவ்வளவுதான், கவிழ்ந்தது. மனிதர்கள் முழுகினார்கள், கயிறு அவிழ்ந்த தார்கள் பச்சைப் பசேலென்று மிதந்துகொண்டு போயின. கீழூர்க்காரர்கள் அதை எல்லாம் பிடித்துப் பழுக்கவைத்துச் சாப்பிட்டதாகக் கேள்வி. ஒரு காய்கூடக் கன்றியிருக்காது.

தம்பி நன்றாக நீந்துவான். தார் கட்டியிருந்த கயிறு அவன் காலில் சுற்றிக்கொண்டது. படகோட்டிதான் முங்கி முங்கிக் கயிற்றை அறுத்து அவனை இழுத்துவந்தார். மணலில் போட்டபோது அவனுக்கு மூச்சில்லை, உதடு நாவற்பழம் தின்றதைப் போல இருந்தது. சாப்பாட்டுக் கூடையோடு வந்திருந்த அவன் மனைவி கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

தண்ணீர் குடித்த ஆளைத் தூக்கிச் சுற்றவேண்டும் என்பது எங்கள் ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. “சுத்து, சுத்து” என்று கரையே கத்தியது. அவள் குரலும் அதில் இருந்தது. நான் அவனைத் தலைகீழாகத் தோளில் போட்டு, இரண்டு காலையும் முன்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிறுகிறுவென்று சுற்றினேன். அவன் தலை என் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது. வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது, காலையில் தின்ற சோறும் வந்தது. தண்ணீர் வரவர எல்லோருக்கும் தெம்பு வந்தது. “வருது வருது, விடாத” என்றார்கள். விடவில்லை. எட்டு நிமிஷமோ பத்து நிமிஷமோ சுற்றினேன். கடைசியில் கண் இருட்டி அவனோடு சேர்ந்து மணலில் விழுந்தேன். விழுந்த வேகத்தில் என் முழங்கை அவன் நெஞ்சில் பலமாக இடித்தது. அப்போதுதான் அவன் இருமினான். ஆம்புலன்ஸ் கரைமேல் வந்து நின்றபோது மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

பதினெட்டு நாள் கண் திறக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் திறந்து என்னைப் பார்த்து, “தாரு” என்றான். நான் அழுதேன். உயிரோடு கொண்டுவந்துவிட்டோம் என்று சந்தோஷத்தில் அழுதேன். எவ்வளவு கொண்டுவந்தோம், எவ்வளவை ஆற்றில் விட்டோம் என்பது தெரிய ஒரு வருஷம் ஆனது.

தண்ணீரில் விழுந்த ஒன்பது பேரில் அவன் ஒருவன்தான் இப்படி என்று நினைக்கவேண்டாம். விளிம்பைப் பிடித்துத் தொங்கிய ஒரு அம்மாளுக்குத் தோள் மூட்டு கழன்று, இன்றைக்கும் வலது கை தலைக்குமேல் போகாது, தலை பின்னிவிட மருமகள் வரவேண்டும். நடவுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொண்டிருந்த இன்னொருத்திக்குச் சேற்றுத் தண்ணீரில் கணுக்கால் நனைந்தாலே நெஞ்சு அடைத்துக்கொள்கிறது. டெல்டாவில் பிறந்துவிட்டு நனையாமல் என்ன வேலைக்குப் போவாள். “நல்லாத்தானே இருக்கா, சோம்பேறி” என்று அவள் வீட்டிலேயே பேசுகிறார்கள். படகோட்டி இரண்டு வருஷம் இருமிவிட்டு ஆற்றுப் பக்கமே போகாமல் திருப்பூருக்குப் போய்விட்டார். இதெல்லாம் எந்தப் பேப்பரிலும் வராது. செத்தால்தான் கணக்கு. சாகாமல் போனவர்களுக்கு அதிர்ஷ்டசாலி என்று ஒரு பெயர் வைத்து அனுப்பிவிடுவார்கள், அதற்குமேல் முனகினால் நன்றிகெட்டவர்கள் ஆகிவிடுவோம்.

எனக்கு வேறு பெயர் கிடைத்தது. உயிர் காத்தவர். அடுத்த சித்திரையில் அம்மன் திருவிழாவில் மேடையில் கூப்பிட்டு மாலை போட்டார்கள், தலையில் பரிவட்டம் கட்டினார்கள். அப்புறம் அது வருஷா வருஷம் என்று ஆகிவிட்டது. எங்கே போனாலும், “தம்பியச் சுத்திப் பொழைக்க வச்சவரு” என்று என்னை அறிமுகம் செய்தார்கள். தம்பி மனைவி என் காலில் விழ ஆரம்பித்தாள். படகு கவிழ்ந்த நாளில் ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று. சம்பிரதாயத்துக்கு விழுவதில்லை, நெற்றி தரையில் பட விழுவாள். “நீங்க போட்ட உயிரு மாமா” என்பாள். எனக்குக் கூச்சமாக இருக்கும். பிடித்தும் இருந்தது, அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

நான்காவது வருஷம் மருந்து மாற்றிக்கொள்ளத் தஞ்சாவூர் போயிருந்தோம். அவள் மாத்திரை வாங்க வரிசையில் நின்றாள். புதிதாக வந்திருந்த இளம் டாக்டர், பொறுமையான மனிதர், நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். எனக்குத்தான் அந்தக் கதை சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டதே, சுவையாகவே சொன்னேன். சுற்றிய இடம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

“எவ்ளோ நேரம் சுத்துனீங்க?”

“பத்து நிமிஷம் இருக்கும் சார். நானே மயங்கி விழுந்துட்டேன்.”

“அதுவரைக்கும் மூச்சு இல்ல?”

“இல்ல சார். அப்புறந்தான் வந்துச்சு.”

அவர் தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சுத்துறப்ப வர்றது வயித்துல இருக்குற தண்ணிங்க. அதுக்கும் மூச்சுக்கும் சம்பந்தமில்ல. தரையில படுக்க வச்சு வாயில ஊதியிருந்தா...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். “சரி விடுங்க. தெரியாமப் பண்ணுனது. உங்கள யாரும் குத்தம் சொல்ல முடியாது.”

யாரும் சொல்லவேண்டாம். எனக்குக் கணக்குப் போடத் தெரியும். தண்ணீருக்குள் அவன் கிடந்தது இரண்டு மூன்று நிமிஷம். மிச்சத்தை நான் என் தோளில் வைத்துச் சுற்றியிருக்கிறேன். ஆறு செய்ததைவிட அதிகம் நான் செய்திருக்கிறேன். அவள் மாத்திரைப் பையோடு வந்து, “டாக்டர் என்ன சொன்னாரு மாமா?” என்றாள். “அதே மாத்திரைதாம்மா. ராத்திரிக்கு மட்டும் ஒன்னு கூட” என்றேன்.

அன்றிலிருந்து எனக்கு இருந்தது ஒரே ஒரு பயம். அவளுக்கு இது தெரியக் கூடாது. ஊருக்குத் தெரிந்தால் பரிவட்டம் போகும், போகட்டும், எரிச்சலோடு தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். அவளுக்குத் தெரிந்தால் அந்த வீட்டு வாசற்படியை நான் எந்த முகத்தோடு மிதிப்பது. புருஷனைக் கெடுத்தவனோடு சேர்ந்து புருஷனைக் குளிப்பாட்ட எந்தப் பெண்ணால் முடியும். அவள் காலில் விழும்போதெல்லாம் காலை இழுத்துக்கொள்ளவேண்டும் போலிருக்கும். இழுத்துக்கொண்டால் ஏன் என்று கேட்பாளே. அதனால் மரம் மாதிரி நின்றேன். அடுத்த திருவிழாவிலும் பரிவட்டம் கட்டினார்கள், தலையைக் குனிந்து கட்டிக்கொண்டேன். இப்படி எட்டு வருஷம்.

இதில் என்னால் மன்னிக்க முடியாத ஒன்று இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் ஆடிப்பெருக்கன்று கும்பகோணம் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் படித்துறையில் வழுக்கி ஆழத்தில் போய்விட்டார். தூக்கிப் போட்டதும் ஊர் என்னைத்தான் தேடியது. “சுத்துறவரக் கூப்பிடு” என்று ஆள் ஓடிவந்தது. நான் போனேன். “தரையில படுக்க வைங்க, வாயில ஊதுங்க” என்றேன். யார் காதிலும் விழவில்லை. விழும்படி நான் சொல்லவும் இல்லை. சுற்றாதே என்று கத்தியிருந்தால், ஏன் என்ற கேள்வி வரும். அவள் வேறு காதோலை கருகமணித் தட்டோடு படியில் நின்றுகொண்டிருந்தாள். அதற்குள் இன்னொரு ஆள் அவரைத் தோளில் போட்டுச் சுற்ற ஆரம்பித்துவிட்டான். அவர் பிழைத்துக்கொண்டார். அவருக்கு மூச்சே நிற்கவில்லை, அதனால் பிழைத்தார். ஊர் அப்படி நினைக்கவில்லை. சுற்றினால் பிழைக்கும் என்பதற்கு என் தம்பிக்கு அடுத்து இரண்டாவது சாட்சி கிடைத்துவிட்டது. அந்த மனிதருக்கு ஏதாவது ஆகியிருந்தால் அது என் வாய் செய்த கொலை. எனக்கு அன்றைக்கு அவர் உயிரைவிட இவளுடைய முகம் பெரிதாக இருந்தது.

போன புரட்டாசியில், மழைக்காலம் வருகிறதென்று தீயணைப்புக்காரர்கள் எங்கள் படித்துறையில் ஒத்திகை நடத்த வந்தார்கள். காலி டிரம், தண்ணீர் கேன், தேங்காய் நார் மூட்டை, இவற்றைக் கட்டிக்கொண்டு மிதப்பது எப்படி என்று காட்டினார்கள். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் எல்லோரையும் உட்காரவைத்திருந்தார்கள். அவளும் அதில் இருந்தாள். என்னை முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தது ஊர்.

அதிகாரி கேட்டார். “இந்த ஊர்ல யாராச்சும் தண்ணில விழுந்தவங்களக் காப்பாத்தியிருக்கீங்களா?”

அத்தனை கையும் என் பக்கம் நீண்டது. நான் எழுந்து நின்றேன். அவர் வந்து கைகொடுத்தார். “எப்படிக் காப்பாத்துனீங்க, நீங்களே சொல்லுங்க.”

பக்கத்தில் இருந்தவர் எனக்காகப் பெருமையோடு சொன்னார். “சுத்துனாருங்க. தோள்ல போட்டு ஒத்த ஆளாப் பத்து நிமிஷம் சுத்துனாரு.”

அதிகாரி பிடித்திருந்த என் கையை விட்டார். நல்ல மனிதர், என் தோளைத் தட்டி உட்காரவைத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “அந்தக் காலத்துல தெரியாது, பண்ணுனாங்க. இனிமே யாரும் சுத்தாதீங்க. வயித்த அமுக்காதீங்க. தண்ணிய எடுக்குறதவிடக் காத்த உள்ள அனுப்புறதுதான் முக்கியம். நீங்க சுத்துற ஒவ்வொரு நிமிஷமும் மூளைக்குக் காத்து போகாது. ஆளு பொழச்சாலும் காலத்துக்கும் படுத்துருவாரு.” ரப்பர் பொம்மையைப் படுக்கவைத்து நெஞ்சில் எப்படி அழுத்துவது, எப்படி ஊதுவது என்று காட்ட ஆரம்பித்தார். நான் பொம்மையைப் பார்க்கவில்லை. பெண்கள் பக்கம் திரும்பவும் எனக்குத் தைரியமில்லை.

ஒத்திகை முடிந்து டீ குடிக்கும்போது ஊர் எனக்குச் சமாதானம் சொன்னது. “அவரு பொம்மைய வச்சுச் சொல்றாரு, நீங்க ஆள வச்சுக் காட்டுனவரு” என்றார்கள். சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மற்றவர்களோடு போய்விட்டாள்.

மறுநாள் காலை போவதா வேண்டாமா என்று வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போகாமல் இருந்தால் அவன் கட்டிலிலேயே நனைந்து கிடப்பான். போனேன். வெந்நீர் வழக்கம்போலத் தயாராக இருந்தது. இரண்டு பேருமாகத் தூக்கிக் குழாயடியில் உட்காரவைத்தோம். அவன் தாரைப் பற்றிக் கேட்டான், சேர்ந்துவிட்டது என்றேன். அவள் சொம்பில் மொண்டு அவன் முதுகில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அது எனக்குத் திட்டுவதைவிட மோசமாக இருந்தது. இனி தாங்காது என்று வாயைத் திறந்துவிட்டேன்.

“நேத்து அவரு சொன்னது நெசந்தாம்மா. எனக்கு எட்டு வருஷமாத் தெரியும். டாக்டர் சொன்னாரு. நான்தான் ஒன்கிட்ட மறச்சுட்டேன்.”

அவள் சொம்பை நிறுத்தவில்லை. “எனக்கும் தெரியும் மாமா.”

“நேத்தா?”

“நேத்தா? கை காலுக்குப் பயிற்சி குடுக்க வந்துச்சே ஒரு பொண்ணு, அது சொன்னுச்சு. அஞ்சாறு வருஷம் இருக்கும். சுத்தாம இருந்தா இவரு எந்திரிச்சு நடந்துருப்பாருன்னுச்சு.”

“தெரிஞ்சுமா என் கால்ல விழுந்துட்டிருந்த?”

அவள் அவன் தலையைத் துவட்டினாள். துண்டை உதறிக் கொடியில் போட்டாள். அவள் என்னை நேருக்கு நேர் பார்த்துப் பேசியது அன்றைக்குத்தான்.

“வேற என்ன பண்ணச் சொல்றீங்க? சுத்துங்கன்னு நானுந்தான் கத்துனேன். அத யாருகிட்டப் போயி அழுவுறது. உங்களுக்குத் தெரிஞ்சா மனசு விட்டுருவீங்க, மூஞ்சி குடுக்க முடியாம வராம நின்னுருவீங்க. இவரு எழுவது கிலோ. என்னால ஒண்டியாத் தூக்க முடியுமா? கால்ல விழுந்தா மறுநாளும் வருவீங்கல்ல. அதான் விழுந்தேன்.”

எனக்குக் கோபம் வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. இத்தனை வருஷம் அந்தக் கும்பிடைச் சுமக்க முடியாமல் நான் செத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது மாட்டுக்கு வைக்கும் தவிடாக இருந்திருக்கிறது. கோபம் வந்த வேகத்தில் போய்விட்டது. அவள் என்ன தப்பாகச் சொல்லிவிட்டாள். உயிர் காத்தவருக்கு மாலை போட்ட ஊரில் இருந்து ஒரு ஆள், ஒரே ஒரு நாள், அவனைத் தூக்க வந்ததுண்டா? அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு ஜோடித் தோள். எந்தத் தோளில் போட்டு அவனைக் கெடுத்தேனோ அதே தோள். அதை விடாமல் பிடித்துவைக்க அவளுக்குத் தெரிந்த வழியில் பிடித்துவைத்திருக்கிறாள்.

“அக்குள்ல கை குடுங்க மாமா, குளிர் புடிக்கறதுக்குள்ள உள்ள கொண்டு போயிரலாம்” என்றாள். கொடுத்தேன்.

பஞ்சாயத்தில், வருகிற சித்திரையிலிருந்து பரிவட்டம் வேண்டாம் என்று நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். காரணத்தையும் சொன்னேன், சுற்றக் கூடாது என்பதையும் உரக்கவே சொன்னேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். இனி யாராவது தண்ணீரில் விழுந்தால் கத்துவேன். அதைத் தவிர என்னால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை.

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்து அவனைக் குளிப்பாட்டிப் புதுச் சட்டை போட்டுவிட்டோம். பொத்தானைத் தானே போடுகிறேன் என்று அவன் கையைக் கொண்டுபோனான், கை உதறிச் சட்டை கிழிந்தது. அவள் ஊசியை எடுத்துவந்து அவன் உடம்பில் வைத்தே தைத்தாள். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து, எப்போதும்போல நெற்றி தரையில் பட விழுந்தாள். இனி விழமாட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை. எழுந்தவள் முந்தானையைச் செருகிக்கொண்டே சொன்னாள்.

“நாளைக்கு அஞ்சு மணிக்கே வாங்க மாமா. எண்ணெய் தேச்ச உடம்பு, சளி புடிக்கும். நெஞ்சத் தட்டி விடணும்.”